பழைய கணிப்பொறியும் புதிய சர்வரும்: பூட்டைத் தளர்த்துவது தீர்வாகுமா?

தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியின் திரையைத் தம் மேசைக்கு வரவழைத்து, அதன் முன்னரே அமர்ந்திருப்பவர்போல் அதனை இயக்குவதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்னும் முறை உதவுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பின் வாயிலாக இதனை விண்டோஸில் புகுத்தியது. இம்முறையின் தனிச்சிறப்பு யாதெனில், கணக்கிடும் வேலையும் சேமித்து வைக்கும் வேலையும் சர்வரையே சார்ந்தவை. மேசைமீதுள்ள யந்திரத்தின் கடமை திரையைக் காட்டுவதும், விசைகள் அழுத்தப்படுவதைச் சர்வருக்கு அறிவிப்பதுமே. ஆதலால் வேகம் குறைந்த பழைய கணிப்பொறியும் இப்பணிக்குப் போதுமானது. பொருள் வசதி குறைந்த பள்ளிகளும் வட்டார அலுவலகங்களும் பழைய யந்திரங்களைக் கழித்துவிடாமல் வைத்துக் கொள்வதற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை.

ஆனால் தலைமை அலுவலகத்தில் சர்வர் மாற்றப்படும் நாளில் இந்த ஏற்பாடு திடீரெனத் தடைபடக் கூடும். முதல் நாள் மாலைவரை திறந்த திரை மறுநாட் காலையில் திறக்க மறுக்கிறது. புள்ளி விவரம் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியோ நெருங்கிக் கொண்டிருக்கிறது. களப்பணியாளர் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார்? அருகிலுள்ள ஊரின் பிரௌசிங் சென்டருக்குச் சென்று, யார் யாரோ கையாண்ட கணிப்பொறியில் அலுவலகக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யத் துணிவார். அல்லது சர்வரைப் பராமரிப்பவரை அழைத்து, பாதுகாப்பு அமைப்பைச் சற்றே தளர்த்துமாறு கேட்பார். இரண்டும் தவறான வழிகள். முதல் வழியில் ஒருவருடைய கடவுச்சொல் மட்டுமே வெளிப்படும். இரண்டாவது வழியிலோ அந்தச் சர்வரை நம்பியிருக்கும் அனைவருடைய ஏடுகளும் ஆபத்துக்கு உள்ளாகும்.

இத்தடையைப் பற்றிய முறையான அறிவு இருந்தால் இவ்விரு வழிகளையும் நாட வேண்டிய அவசியம் நேராது. பழைய கணிப்பொறி புதிய சர்வருடன் இணைய இயலாமற் போவது பெரும்பாலும் பழுது அன்று. அது ஒரு மறுப்பு. பழுதானால் சரி செய்யலாம். மறுப்பானால் அதன் காரணத்தை அறிந்து, மறுக்கப்பட்டவரைத் தகுதியுடையவராக்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையே பல மணி நேர உழைப்பு வீணாவதற்குக் காரணமாகிறது.

இணைப்பு கடந்து செல்லும் படிகள்

ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு ஒரே தாவலில் நிகழ்வதன்று. முதலாவதாக, அழைக்கும் கணிப்பொறி சர்வரின் பெயரை முகவரியாக மாற்றிக் கொண்டு, வழக்கமாக 3389 என்னும் எண்ணுடைய வாயிலைத் தட்டுகிறது. இரண்டாவதாக, தனக்குத் தெரிந்த பாதுகாப்பு முறைகள் யாவை என்று சர்வரிடம் தெரிவிக்கிறது. அவற்றுள் ஒன்றைச் சர்வர் தேர்ந்தெடுக்கிறது. மூன்றாவதாக, டி.எல்.எஸ். எனப்படும் மறையீட்டு முறையில் இருவருக்கும் பொதுவான ஒரு பதிப்பு உறுதி செய்யப்படுகிறது. நான்காவதாக, திரை திறக்கப்படுவதற்கு முன்னரே பயனாளரின் அடையாளம் சரிபார்க்கப்படுகிறது. ஐந்தாவதாக, உரிமம் பரிசீலிக்கப்படுகிறது. இவ்வளவும் முடிந்த பின்னரே திரை தோன்றுகிறது.

இவற்றுள் நான்காம் படியே பழைய யந்திரங்களுக்கு முதலில் இடையூறு விளைத்தது. ஆரம்ப காலத்தில் வாயிலைத் தட்டிய எவருக்கும் சர்வர் தன் நுழைவுத் திரையைக் காட்டிற்று. பெயரும் கடவுச்சொல்லும் அதன் பிறகே கேட்கப்பட்டன. விண்டோஸ் விஸ்டாவும் சர்வர் 2008-உம் வந்தபோது இம்முறை மாறியது. என்.எல்.ஏ. என்னும் புதிய ஏற்பாட்டின்படி, அடையாளத்தை நிறுவாதவருக்குத் திரையே காட்டப்படுவதில்லை. இதற்குத் துணைபுரியும் உறுப்பின் பெயர் கிரெட்எஸ்எஸ்பி. விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக்கில் இவ்வுறுப்பு சேர்க்கப்பட்டிருந்த போதிலும், அது இயங்கா நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடங்களைத் திருத்தினாலன்றி அது விழிப்பதில்லை.

மூன்றாம் படியிலும் இத்தகைய மாறுதல் ஏற்பட்டுள்ளது. டி.எல்.எஸ். 1.0 பதிப்பு 1999-இலும், 1.2 பதிப்பு 2008-இலும், 1.3 பதிப்பு 2018-இலும் வெளியாயின. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, 1.0, 1.1 ஆகிய இரண்டும் இனிப் பயன்படுத்தத் தக்கவை அல்ல என்று 2021 மார்ச் மாதத்தில் அறிவித்தது. இவ்வறிவிப்பைப் பின்பற்றிப் பழைய பதிப்புகளை மூடிவிட்ட சர்வருடன் சாதாரண எக்ஸ்பி யந்திரம் பேச இயலாது, அதற்கு 1.0 பதிப்பிற்கு மேல் தெரியாது. விண்டோஸ் 7-இன் நிலை வேறு. ரிமோட் டெஸ்க்டாப்பில் 1.1, 1.2 பதிப்புகளை வழங்கும் 3080079 என்ற எண்ணுடைய திருத்தம் அதற்கு 2015-இல் கிடைத்தது. அத்திருத்தம் சேர்க்கப்பட்ட யந்திரமும் சேர்க்கப்படாத யந்திரமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அறையில் ஒன்று இணைய மற்றொன்று மறுக்கப்படும் விந்தைக்கு இது ஒரு விளக்கமாகும்.

தடை எந்தப் படியில்?

குறையை ஆராய்பவர் எதனையும் மாற்றுவதற்கு முன், திரையில் தோன்றும் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொள்ள வேண்டும். "இணைப்பு வரவில்லை" என்ற பொதுப்படையான புகாரைக் கொண்டு தலைமை அலுவலகம் எதையும் செய்வதற்கில்லை. வாசகமோ தடை எந்தப் படியில் உள்ளது என்பதைப் பல சமயங்களில் காட்டிவிடும். தொலை அணுகல் அனுமதிக்கப்படவில்லை, கணிப்பொறி அணைக்கப்பட்டிருக்கிறது, வலையமைப்பில் இல்லை என மூன்று காரணங்களை அடுக்கும் வாசகம் பெரும்பாலும் முதற் படியைக் குறிப்பது. என்.எல்.ஏ. தேவை என்றும், இந்தக் கணிப்பொறி அதனை அறியாது என்றும் கூறும் வாசகம் பழைமையைச் சுட்டுவது. தேதியிலோ நேரத்திலோ வேறுபாடு உள்ளதென்று கூறுவது கடிகாரத்தைச் சுட்டுவது. உரிமம் வழங்கும் சர்வர் இல்லை என்பது ஐந்தாம் படி.

அடுத்த சோதனை மிக எளியது. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது. அதே வலையமைப்பில் வேறொரு புதிய கணிப்பொறியை இணைத்து, அதே பயனாளர் பெயரால் அதே சர்வரை அழைத்துப் பார்க்க வேண்டும். அது இணைந்துவிடின் வலையமைப்பும் சர்வரும் கடவுச்சொல்லும் குற்றமற்றவை. குறை பழைய யந்திரத்தில்தான். அதுவும் இணையாவிடில், பழைய யந்திரத்தின்மேல் பழி சுமத்துவதற்கு இடமில்லை. அப்போது 3389-ஆம் வாயில் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 8.1 முதற்கொண்டு பவர்ஷெல்லில் உள்ள டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளை இதற்குப் பயன்படும். விண்டோஸ் 7-இல் டெல்நெட் வசதியை இயக்கி இதே சோதனையைச் செய்யலாம்.

வாயில் எட்டியும் இணைப்பு மறுக்கப்படின், பழைய யந்திரத்தின் தகுதியை அதனிடமே கேட்கலாம். ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் மேல் இடது மூலையிலுள்ள சிறு சின்னத்தைச் சொடுக்கி, அபவுட் என்பதைத் திறந்தால், ஆர்.டி.பி. எந்தப் பதிப்புவரை ஆதரிக்கப்படுகிறது என்பதும், என்.எல்.ஏ. உண்டா இல்லையா என்பதும் இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். சர்வரின் பக்கத்திலோ நிகழ்வுப் பதிவேட்டில் எஸ்-சானல் என்ற தலைப்பின்கீழ் 36874 என்ற எண்ணுடன் பதிவு காணப்பட்டால், அழைத்தவருக்கும் சர்வருக்கும் பொதுவான மறையீட்டு முறை ஒன்றேனும் இல்லை என்பது பொருள். இவ்விரு சான்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஊகத்திற்கு வேலையில்லை.

பழைமையோடு தொடர்பில்லாத ஒரு காரணமும் இங்கே குறிப்பிடத் தக்கது. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்குக் கணக்குத் தொடங்கும்போது, முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படுவதுண்டு. அடையாளம் சரிபார்க்கப்பட்ட பிறகே திரை வரும். திரை வந்த பிறகே கடவுச்சொல்லை மாற்ற இயலும். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட ஊழியரின் அழைப்பு மறுக்கப்படும். அவருடைய யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதால் யாதொரு பயனும் இல்லை. கடவுச்சொல்லை வேறு வழியில் மாற்றித் தருவதே போதுமானது.

கடிகாரம் செய்யும் குறும்பு

பழைய கணிப்பொறிகளின் தாய்ப்பலகையில் நாணய வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். மின்சாரம் நின்ற வேளையிலும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வலுவிழக்கிறது. அதன் பின்னர், கணிப்பொறியை இயக்கும்தோறும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று நிற்கும். சர்வரின் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறந்திராது; எனவே பழைய யந்திரம் அதனைச் செல்லாச் சான்றிதழ் என்று கருதும். டொமைன் அமைப்பில் அடையாளம் காட்டும் கெர்பரோஸ் முறையும் இயல்பாக 5 நிமிட வேறுபாட்டிற்கு மேல் பொறுப்பதில்லை. ஒரு சிறு மின்கலத்தை மாற்றினால் தீரும் தொல்லைக்காக ஒரு கணிப்பொறியையே கழித்துவிடும் ஆபத்து இதனால் உண்டாகிறது.

இந்தியாவின் தர நேரத்தைப் பேணும் பொறுப்பு புது டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. அரசு அமைப்புகள் உள்ளிட்டோர் தங்கள் கணிப்பொறிகளின் கடிகாரங்களை அந்த ஆய்வுக்கூடத்தின் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வர்களுடன், அல்லது அவற்றோடு ஒத்துநிற்கும் வேறு சர்வர்களுடன், இசைவித்து வைக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் கட்டளையிட்டது. இதனை வெறும் சட்டப் பிரிவாகக் கருதாமல், இணைப்புத் தடைகளில் ஒன்றை முன்கூட்டியே நீக்கும் உபாயமாகவும் களப்பணியாளர் கருதலாம்.

பூட்டைத் தளர்த்தலாமா?

இனி, கருத்து வேறுபாட்டிற்கு இடமான வினாவிற்கு வரலாம். சர்வரில் என்.எல்.ஏ.-ஐ நீக்கிவிட்டு, டி.எல்.எஸ். 1.0-ஐத் திறந்துவிட்டால் பழைய யந்திரங்கள் உடனே உள்ளே வந்துவிடுமே, அதிலென்ன தீங்கு என்று கேட்பவர் உண்டு. ஒரு நாள் வேலையைக் காப்பாற்றுவதற்கு இது எளிய வழி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் இதற்கு எதிராகவே நிற்கிறது.

2019 மே 14-ஆம் நாள் புளூகீப் என்று பெயர் பெற்ற ஒரு குறை வெளிப்பட்டது. கடவுச்சொல் எதுவும் தெரியாத ஒருவர், 3389-ஆம் வாயிலை அடைந்த மாத்திரத்தில் அக்கணிப்பொறியைக் கைப்பற்றுவதற்கு அது வழி கொடுத்தது. எக்ஸ்பி, விண்டோஸ் 7, சர்வர் 2003, சர்வர் 2008 ஆகியவை அதற்கு இலக்காயின. ஆதரவு நிறுத்தப்பட்டு ஐந்தாண்டு கடந்திருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அபாயத்தின் அளவு விளங்கும். அந்நாளில் என்.எல்.ஏ. இயங்கிய யந்திரங்கள் ஓரளவு காப்புடன் இருந்தன. ஏனெனில் செல்லத்தக்க பெயரும் கடவுச்சொல்லும் இல்லாதவர் அக்குறை உள்ள இடத்தை எட்டவே இயலவில்லை. தொல்லை தருவதாகக் கருதப்பட்ட பூட்டே வீட்டைக் காத்தது.

2018-ஆம் ஆண்டு நிகழ்ச்சி வேறொரு பாடத்தைத் தருகிறது. கிரெட்எஸ்எஸ்பி உறுப்பில் காணப்பட்ட ஒரு குறைக்கு அவ்வாண்டு மார்ச்சில் திருத்தம் வெளியாயிற்று. மே 8-ஆம் நாள் வெளியான திருத்தம், முன்னதைப் பெறாத சர்வர்களுடன் இணைய மறுக்கும்படி கணிப்பொறிகளைக் கட்டுப்படுத்தியது. மறுபுறத்தில், திருத்தம் பெறாத கணிப்பொறிகளை ஏற்க மறுக்கும்படி சர்வரை அமைப்பதற்கும் வழி செய்யப்பட்டது. இரு தரப்பிலும் திருத்தத்தைச் சேர்ப்பதே இதற்கு உரிய பரிகாரம். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை 2 என மாற்றினால் தடை நீங்கிவிடும் என்ற யோசனை எங்கும் பரவியது. அந்த எண்ணின் பொருள், "ஆபத்து இருப்பினும் அனுமதி" என்பதாகும். தற்காலிகமாகச் செய்யப்பட்ட மாறுதல் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை; எழுதப்படாதது திரும்பப் பெறப்படுவதுமில்லை. மாற்றியவர் வேறிடத்திற்கு மாற்றலாகிச் சென்ற பின்னர், அந்தத் திறந்த கதவைப் பற்றி அறிந்தவர் அலுவலகத்தில் எவரும் இரார்.

ஒரு பள்ளியின் பழைய யந்திரத்திற்காகச் சர்வரின் பாதுகாப்பைக் குறைப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். அந்தச் சர்வரில் இருப்பவை மாணவர்களின் மதிப்பெண்களும், உதவி பெறுவோரின் பெயர்களும், ஊழியர்களின் ஊதியக் கணக்குகளுமாகும். அவற்றை ஆபத்திற்கு உள்ளாக்க ஒரு பயனாளரின் வசதி போதிய நியாயமாகாது.

யந்திரத்தைத் தகுதியாக்கும் வழிகள்

பூட்டைத் தளர்த்தலாகாது என்றால், பழைய யந்திரத்தைக் குப்பையில் எறிவதே வழியென்று முடிவு செய்துவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 7 யந்திரமானால், அதற்கெனக் கிடைத்த திருத்தங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இணைப்பை அது மீட்டுத் தரக் கூடும். ஆனால் 2020 ஜனவரி 14-ஆம் நாளுடன் அதற்குப் பொதுவான ஆதரவு நின்றுவிட்டது; ஆதலால் அது இடைக்கால உதவியேயன்றி நிலைத்த தீர்வாகாது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளே நின்றது. அதைக் கொண்டு அலுவலக சர்வரை அணுகும் முயற்சியைக் கைவிடுவதே நன்று.

நல்ல நிலையிலுள்ள பழைய யந்திரத்திற்கு லினக்ஸ் வாயிலாகப் புத்துயிர் அளிக்கலாம். அதில் ஃப்ரீஆர்டிபி என்னும் செயலியும், அதனை அடிப்படையாகக் கொண்ட ரெமினாவும் என்.எல்.ஏ.-ஐயும் புதிய டி.எல்.எஸ். பதிப்புகளையும் அறிந்தவை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்நாட்டு மொழிகளுக்கு இடமளிப்பது. யந்திரத்தின் செயலியும் நினைவகமும் தாங்கக் கூடிய பதிப்பைத் தேர்ந்து நிறுவினால், விண்டோஸைத் தாங்காத யந்திரமும் சர்வரின் திரையைக் காட்டும் கண்ணாடியாகப் பணியாற்றும். பழைய ஆர்டெஸ்க்டாப் செயலியை மட்டும் தவிர்க்க வேண்டும். ஃப்ரீஆர்டிபி அதிலிருந்து 2009-இல் கிளைத்துத் தனியே வளர்ந்தது.

தலைமை அலுவலகத்தின் கடமை

களப்பணியாளரை மட்டும் குறை கூறி நிறுத்திக் கொள்வது நீதியன்று. சர்வரை மாற்றுவோர் முன்னறிவிப்பின்றி மாற்றுவதே இத்துன்பங்களில் பெரும் பகுதிக்கு மூலமாகும். எந்த இடத்தில் எந்தப் பதிப்புள்ள கணிப்பொறி உள்ளது என்ற பட்டியல் தலைமை அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். புதிய சர்வர் பொறுப்பேற்பதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அதனைச் சோதனைக்குத் திறந்துவிட்டு, ஒவ்வொரு நிலையமும் தன் யந்திரத்தைக் கொண்டு ஒருமுறை அழைத்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும். மறுக்கப்பட்டவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்து முடித்த பின்னரே பழைய சர்வரை அணைக்க வேண்டும். புள்ளி விவரங்களின் கடைசித் தேதியும் சர்வர் மாற்றமும் ஒரே வாரத்தில் அமையாமல் பார்த்துக் கொள்வது அரிய செயலன்று.

இதற்குப் பணம் வேண்டுமே என்பர். உண்மைதான். ஆனால் சர்வருக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதனை அணுக இருக்கும் யந்திரங்களுக்கும் ஒதுக்குவதுதான் முழுமையான திட்டம். கிணற்றை ஆழமாக்கியவர் கயிற்றையும் நீளமாக்க வேண்டும். பழைய கயிற்றுடன் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தண்ணீர் நிறைய இருக்கிறது என்று கூறுவதில் பயனில்லை.

இந்தப் பிரச்சினை எக்ஸ்பியோடும் விண்டோஸ் 7-ஓடும் முடிந்துவிடுவதன்று. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-இன் பொது ஆதரவும் முடிவுற்றது. விண்டோஸ் 11 தன் யந்திரத்தில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால், நன்கு இயங்கும் பல கணிப்பொறிகள் அதற்கு ஏறிச் செல்ல இயலாமல் நிற்கின்றன. அவற்றில் பல இன்று எல்லாச் சர்வர்களுடனும் இணைகின்றன. சர்வர்களின் விதி மேலும் இறுகும்போது அவையும் மறுக்கப்படும் நாள் வரக் கூடும். அந்நாளுக்கு முன் ஒவ்வொரு பள்ளியும் அலுவலகமும் தன் யந்திரங்களின் பதிப்பையும், திருத்தங்களையும், கடிகாரத்தையும் ஓர் ஏட்டில் குறித்து வைக்குமாயின், கடைசித் தேதியன்று பிரௌசிங் சென்டரைத் தேடி அலைய வேண்டிய ஊழியர் எவரும் இரார். எந்தச் சர்வரின் பூட்டையும் தளர்த்த வேண்டிய நிலையும் வாராது.